ஸெல்போர்ன் பாதிரியாரின் காது

நாவல் வாசகர்களுக்கு நான் அடிக்கடி சிபாரிசு செய்கிற புஸ்தகங்களில் ஒன்று நாவலே அல்ல. அதில் கதை கிடையாது, காதல் கிடையாது, ஒரு கிழட்டு ஆமையை விட்டுவிட்டால் கதாபாத்திரம் என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. குருவிகளும் வௌவால்களும் மண்புழுக்களும் மழையும் பனியுமாகவே பக்கங்கள் போகின்றன. ஆனாலும் பாத்திரங்களைப் பிரித்துக் காட்டுவது எப்படி என்ற விஷயத்தில் இந்த நூலிடம் கற்றுக்கொள்ளக் கூடியதில் பாதியைக்கூட நம் நாவலாசிரியர்கள் பலரிடம் கற்றுக்கொள்ள முடியாது என்பது என் அபிப்பிராயம்.

‘ஸெல்போர்னின் இயற்கைச் சரித்திரம்’ என்பது நூலின் பெயர். 1789-ம் வருஷத் தேதியிட்டு லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் கில்பர்ட் ஒயிட் என்ற கிராமத்து உதவிப் பாதிரியார். பிரசுரித்தவர் அவருடைய தம்பி. தெற்கு இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் உள்ள ஸெல்போர்ன் என்ற சிற்றூரில் 1720-ல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, திரும்பி வந்து, பெரும்பாலான காலத்தைத் தம் ஊரிலேயே கழித்து 1793-ல் அங்கேயே இறந்தவர். கலியாணம் செய்துகொள்ளவில்லை. நூல் முழுவதும் கடிதங்கள்: தாமஸ் பென்னன்ட் என்ற பிராணி நூல் வல்லுநருக்கு 44, டெயின்ஸ் பாரிங்டன் என்ற நியாயாதிபதிக்கு 66. ஊர்ப் பாதிரியாரின் இனிமையான வம்பளப்பு என்று இதைச் சொல்லி ஒதுக்குகிறவர்கள் உண்டு. இனிமைதான், சந்தேகமில்லை. ஆனால் வம்பு பேசுகிறவன் கேட்டதையெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுவான். இந்த மனிதர் கலந்து கிடந்ததைப் பிரித்தவர்.

அவர் பிரித்ததில் பெரிது மூன்று சின்னக் குருவிகள். அந்நாளில் இங்கிலாந்தில் ‘வில்லோ-ரென்’ என்று ஒரே பெயரில் ஒரு குருவியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே பச்சை கலந்த பழுப்பு, கீழே மஞ்சள் கலந்த வெளுப்பு. இலைகளுக்குள்ளேயே புழு பூச்சி தேடித் திரியும். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராது. லின்னேயஸ் 1758-ல் இதற்கு ஒரு லத்தீன் பெயர் வைத்திருந்தார். நம் ஊரில் இந்தக் குடும்பத்தை இலைக் கதிர்க்குருவி என்கிறோம். இந்தக் குருவிகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது இன்றுகூட, கையில் நல்ல தூரதிருஷ்டிக் கண்ணாடி இருந்தாலும், கெட்டிக்காரர்களையே திணற அடிக்கும் காரியம். ஒயிட்டிடம் கண்ணாடி கிடையாது. காது இருந்தது.

1768 ஏப்ரலில் பென்னன்டுக்கு எழுதுகிறார்: வில்லோ-ரென் ஒன்றல்ல, மூன்று ஜாதி என்பதில் தமக்குச் சந்தேகமில்லை, இரண்டை நன்றாகத் தெரியும், மூன்றாவது இன்னும் அகப்படவில்லை. இரண்டில் ஒன்று எளிதாக, மகிழ்ச்சியாக, சிரிப்பது போலப் பாடுகிறது. மற்றது உரக்க, கரகரப்பாக, இரண்டே ஸ்வரத்தைக் கத்திக்கொண்டிருக்கிறது. பாடுகிறது இரண்டரை டிராம் எடை. கத்துகிறது இரண்டு டிராம். கத்துகிறது மார்ச் மத்தியிலேயே வந்து ஆகஸ்டு முடிகிற வரையில் ஓயாது. அதே வருஷம் ஆகஸ்டு 17-ல் மறுபடியும் எழுதுகிறார்: மூன்றும் இப்போது மேஜைமேல் கிடக்கின்றன. அளவில் மூன்று படி. மிகச் சிறியதற்குக் கால் கறுப்பு. மற்ற இரண்டுக்கும் சதை நிறம். பெரியதற்கு மஞ்சள் அதிகம், இறகு நுனிகளில் வெள்ளை. அந்தப் பெரியது உயரமான பீச் மரக் காடுகளின் உச்சாணியில்தான் இருக்கும். வெட்டுக்கிளி போலச் சீறி, சீறும்போது சிறகைச் சற்றே நடுக்கும்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். மேஜைமேல் பறவைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு காலின் நிறம் பார்த்தது பிறகு. முதலில் வந்தது குரல். ‘மூன்று பேர் இருக்கிறார்கள்’ என்று காது சொல்லிவிட்டது. அதைக் கேட்டுவிட்டுக் கண் தேடப் போயிற்று. தேடப் போன பிறகுதான் கறுப்புக் காலும் வெள்ளை நுனியும் தெரிந்தன. அதற்கு முன்பும் அவை அங்கேதான் இருந்தன. எத்தனையோ பண்டிதர்கள் அந்தக் குருவியைக் கையில் வைத்துப் புரட்டியிருப்பார்கள். மூன்று இருக்கலாம் என்று டெர்ஹாம் என்பவர் முன்னமே ஊகித்திருந்தார். அதை மறைக்காமல் ஒயிட்டே எழுதுகிறார். ஆனால் ஊகத்தை நிச்சயமாக்கியது ஸெல்போர்ன்தான்.

இன்றைய பெயர்களில் அந்தச் சிரிப்புக் குருவி வில்லோ கதிர்க்குருவி; கத்துகிறது சிஃப்சாஃப்; சிறகை நடுக்குவது காட்டுக் கதிர்க்குருவி. சிஃப்சாஃப் என்பது அதன் குரலேதான். அதன் லத்தீன் பெயரை 1817-ல் பிரெஞ்சுக்காரர் வியெய்யோ வைத்தார். அதற்குப் பொருள் நாணயம் மாற்றுகிறவன் என்பது. காசைக் காசுமேல் போட்டு எண்ணுகிற சத்தமாம்! காட்டுக் கதிர்க்குருவியின் லத்தீன் பெயருக்கும் சீறுகிறவள் என்றுதான் அர்த்தம். பட்சி சாஸ்திரிகளுக்கும் சில சமயம் கவித்துவம் வந்துவிடுகிறது. இரண்டு பெயரும் உருவத்தை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டிருப்பது தற்செயல் அல்ல.

ஏப்ரல் கடிதத்தில் இன்னொரு குருவியும் வருகிறது. வேலிப் புதருக்குள் ஒளிந்துகொண்டு, வெட்டுக்கிளியின் சத்தத்தையே எழுப்புகிறது. நாலைந்து முழத்தில் கேட்கிறாற்போல் இருக்கும், போய்ப் பார்த்தால் எங்கோ இருக்கும். இது பறவையின் குரல் என்று சொன்னால் ஊர் ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்று ஒயிட் எழுதுகிறார். பிறந்தது முதல் அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். ஒயிட்டுக்கு இருந்ததைவிட மட்டமான காது அவர்களுக்கு இருந்ததென்று நான் நினைக்கவில்லை. பழகிய சத்தத்துக்குப் பழகிய விளக்கம் ஒன்று இருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டார்கள். இப்படிப் போதும் என்று இருந்துவிடுவதுதான் எழுத்தாளனுக்கும் வருகிற நோய்.

இதுவரையில் சொன்னதை வைத்து, ‘குரல் வேறானால் ஜாதி வேறு’ என்று ஒரு சூத்திரம் போட்டுவிடலாம்போல் இருக்கிறது. ஒயிட் போடவில்லை. இந்த இடத்தில்தான் அவர்மேல் எனக்குள்ள மதிப்பு இரட்டிப்பாகிறது. ஆந்தைகளின் விஷயத்தைப் பார்ப்போம். சங்கீதம் தெரிந்த நண்பர் ஒருவர் சுருதிக் குழலை வைத்துக்கொண்டு தம் வீட்டைச் சுற்றியுள்ள ஆந்தைகளைச் சோதித்தாராம். எல்லாம் பி ஃபிளாட் சுருதியில் அலறின. சரிதான், ஆந்தை ஜாதிக்குச் சுருதி இதுதான் போலிருக்கிறது என்று நாம் நினைக்கும்போது, 1771 ஆகஸ்டில் பாரிங்டனுக்கு மற்றொரு கடிதம் போகிறது. ஒரு ஆந்தை சுருதி இறங்கி அலறியது. இன்னொருவர், நல்ல காது உள்ளவர் என்று பெயர் எடுத்தவர், ஸெல்போர்ன் ஆந்தைகள் மூன்று சுருதியில் அலறுகின்றன என்கிறார். இரண்டு ஆந்தைகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதையே கேட்டிருக்கிறார், ஒன்று ஏ ஃபிளாட், மற்றது பி ஃபிளாட். குயில்களும் அப்படியே, ஒரே காட்டில் ஒன்று டி சுருதியிலும் மற்றது டி ஷார்ப்பிலும் சேர்ந்து கூவ, கச்சேரி நாராசமாக இருந்ததாம். குழலின் விலை அரைக் கிரௌன் என்பதைக்கூட எழுதியிருக்கிறார். நம்மவர்கள் யாராவது எழுதுவார்களா?

பிறகு ஒயிட் ஒரு கேள்வி போடுகிறார். இந்தச் சுருதி பேதம் ஜாதி பேதத்தினாலா, அல்லது ஆளுக்கு ஆள் உள்ள பேதமா? கேள்வியோடு விட்டுவிடுகிறார். குருவி விஷயத்தில் மூன்று குரலைக் கேட்டு மூன்று ஜாதி என்று தீர்மானித்த அதே மனிதர், ஆந்தை விஷயத்தில் மூன்று சுருதியைக் கேட்டுவிட்டுத் தீர்மானம் செய்ய மறுக்கிறார். ஏன்? குருவிகளில் குரலோடு காலின் நிறம், எடை, இருக்கிற இடம், வருகிற மாசம் எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் கை காட்டின. ஆந்தைகளில் சுருதியைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை. ஒயிட் இந்தக் காரணத்தை எழுதிவைக்கவில்லை. அவர் நடந்துகொண்ட விதத்திலிருந்து நான் ஊகிக்கிறேன். அவர் செய்தது சரி என்று இன்று தெரிகிறது: அலறுகிற விதம் ஒவ்வொரு ஆந்தைக்கும் தனி, குரலை வைத்தே இன்ன ஆந்தை என்று அடையாளம் சொல்கிறார்கள்.

ஜாதியின் குரல் வேறு, ஆளின் குரல் வேறு. நாவலாசிரியனுக்கு இதைவிட முக்கியமான விஷயம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. வட்டார வழக்கை எழுதுவது நமக்குப் பெரிய சாதனையாகி வெகுகாலம் ஆகிறது. தஞ்சாவூர்ப் பேச்சு, நாஞ்சில் நாட்டுப் பேச்சு, கோயமுத்தூர்ப் பேச்சு, அந்தந்த ஜாதியின் பேச்சு என்று அச்சுப் பிசகாமல் எழுதுகிறார்கள். நல்லதுதான், புத்தகப் பாஷையில் எல்லாரும் பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அப்படி எழுதப்பட்ட ஒரு நாவலில் அத்தையின் பேச்சை எடுத்துச் சித்தியின் வாயில் போட்டால் யாருக்காவது வித்தியாசம் தெரியுமா? பத்துக்கு ஏழு நாவல்களில் தெரியாது. இன்ன ஊர், இன்ன தெரு என்று தெரிகிறது. இன்ன மனுஷி என்று தெரியவில்லை. ‘எல்லா ஆந்தையும் பி ஃபிளாட்’ என்கிற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒரே வழக்குக்குள், ஒரே வீட்டுக்குள், ஒருத்தி அரை ஸ்வரம் இறங்கிப் பேசுவதைக் கேட்க வேண்டும். அதற்கு மறுபடியும் போய் நின்று கேட்கிற பொறுமை வேண்டும்.

பாரிங்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியாயாதிபதி உத்தியோகத்தோடு சங்கீதத்திலும் பறவைகளிலும் பைத்தியம். 1765-ல் லண்டனுக்கு வந்திருந்த சிறுவன் மோஸார்ட்டை உட்காரவைத்துப் பரீட்சை செய்து, ராயல் சொஸைடிக்கு அறிக்கை எழுதியவர் இவர்தான். 1773-ல் அதே சங்கத்தின் ஏட்டில் பறவைப் பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். லின்னெட் என்ற குருவியின் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து, வானம்பாடி போன்ற வேறு ஜாதிப் பறவைகளோடு வளர்த்தார். அவை தங்கள் ஜாதிப் பாட்டைப் பாடாமல், கூட இருந்த ‘வாத்தியார்’ பாட்டையே பாடின!

இது ஒயிட்டின் மூன்று குருவிகளுக்கு ஆபத்தான செய்தி. பாட்டு பிறவியில் வருவதல்ல, கற்றுக்கொள்வது என்றால், அதை வைத்து ஜாதி பிரிப்பது எப்படி? தமிழ்ப் பிள்ளையை லண்டனில் வளர்த்தால் இங்கிலீஷ் பேசும், அதனால் வெள்ளைக்காரனாகிவிடுமா? ஒரே புஸ்தகத்தில் ஒரு நண்பருக்கு ‘குரலால் கண்டுபிடித்தேன்’ என்று எழுதிய கடிதமும், குரல் இரவல் சரக்கு என்று நிரூபித்த மற்றொரு நண்பருக்கு எழுதிய கடிதங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இந்த முரணை ஒயிட் நேருக்கு நேராக எடுத்துப் பேசவில்லை. நூலில் எனக்குள்ள பெரிய குறை அதுதான். அந்த இரண்டு நண்பர்களையும் ஒரு கடிதத்திலாவது மோதவிட்டிருக்க வேண்டும்.

மோதலைத் தீர்க்க ரொம்ப காலம் ஆயிற்று. 1950-களில் கேம்பிரிட்ஜில் டபிள்யூ. எச். தார்ப் என்ற விஞ்ஞானி, சாஃபிஞ்ச் என்ற குருவியின் குஞ்சுகளை மற்ற குரல் எதுவும் கேட்காமல் தனியாக வளர்த்தார். சத்தத்தைப் படமாக வரைகிற யந்திரம் அவரிடம் இருந்தது. அநாதைக் குஞ்சுகளும் பாடத்தான் செய்தன. நீளம் ஏறக்குறைய சரி. உள்ளே விஷயம் இல்லை. அதாவது பாட்டின் சட்டம் பிறவியில் வருகிறது, சங்கதிகள் கேள்வியில் வருகின்றன. நியாயாதிபதி செய்தது கூண்டில். தோப்பில் அநேகமாகக் குஞ்சின் காதில் முதலில் விழுவதும் அதிகம் விழுவதும் தன் ஜாதிக் குரல்தான். ரத்தத்தில் வராவிட்டால் என்ன, காது வழியாக வருகிற சொத்தும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டேயிருக்கும்.

அந்தச் சொத்து எவ்வளவு பெரிய வேலியாகிவிடும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால் விமர்சகர்கள் நம்பமாட்டார்கள். காலபகோஸ் தீவுக் கூட்டத்தில் டாப்னி மேஜர் என்ற சின்னத் தீவு. பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதிகள் 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளை ஒவ்வொன்றாக வளையமிட்டுக் கணக்கு எழுதிவந்தார்கள். 1981-ல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து ஓர் அந்நிய ஆண் குருவி வந்து சேர்ந்தது. பெரிய உடம்பு, பெரிய அலகு, உள்ளூரில் யாரும் பாடாத பாட்டு. உள்ளூர்ப் பெண் ஒன்றோடு குடித்தனம் நடத்தியது. பிள்ளைகள் தகப்பன் பாட்டைப் பாடின. 2003-லிருந்து 2005 வரையில் கொடும் வறட்சி; அந்த வம்சத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் மிஞ்சின, அவையும் உடன்பிறந்தவை. அவை இரண்டும் ஜோடி சேர்ந்தன. அதன் பிறகு அந்த வம்சம் தங்களுக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டு, சுற்றியிருக்கிற குருவிகளோடு கலக்காமல் வாழ்ந்தது. பாட்டும் அலகும் சேர்ந்து போட்ட வேலி. வேலிக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கும் வெளியே இருக்கிறவர்களுக்கும் பூர்விகத்தில் ஒரு பாட்டி பொது.

பாதிரியாரின் குருவிக் குடும்பத்திலேயே இதற்கு எதிர்த் திசையில் ஒரு விஷயம் இருக்கிறது. நம் தோட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. பச்சை இலைக் கதிர்க்குருவி என்று ஒன்று; குளிர்காலத்தில் தமிழ்நாட்டு மாந்தோப்பிலும் புளியமரத்திலும் ‘சி-வீ’ என்று கூப்பிட்டுக்கொண்டு திரியும். முழுப் பாட்டை இங்கே பெரும்பாலும் பாடுவதில்லை. பாட்டு வடக்கே, குடும்பம் நடத்துகிற இடத்தில். திபெத்துப் பீடபூமியைச் சுற்றி இந்தக் குருவி ஒரு வளையமாகக் குடியிருக்கிறது. தெற்கே இமயமலையில் பாட்டு சின்னது, எளியது. மேற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வடக்கே போகப்போக நீளுகிறது, சிக்கலாகிறது. கிழக்குப் பக்கமாகப் போனாலும் அப்படியே, ஆனால் வேறு விதமாக. இரண்டு பக்கமும் சைபீரியக் காட்டில் சந்திக்கும்போது, ஒருத்தன் பாட்டு மற்றவனுக்குப் பாட்டாகவே படுவதில்லை. மேற்கத்தியானுக்குச் சிறகில் ஒரு கோடு, கிழக்கத்தியானுக்கு இரண்டு. அவ்வளவுதான் உருவ வித்தியாசம். ஒலிப்பதிவு செய்த பாட்டை வைத்துக் காட்டியபோது அடுத்தவன் பாட்டுக்கு ஆண்கள் சண்டைக்கே வரவில்லை. தன் எல்லையில் ஒருவன் வந்து பாடுகிறான், கோபம் வரவில்லையென்றால், அவனைத் தன் ஜாதியில் சேர்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? டாரன் இர்வினும் அவருடைய சகாக்களும் இதை 2001-ல் பிரசுரித்தார்கள். 2014-ல் மரபணுக்களை ஆராய்ந்தபோது, எப்போதோ கொஞ்சம் கலப்பும் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. வேலி இருந்தாலும் பொந்து இருக்கும் போலிருக்கிறது.

ஆகவே ஒயிட் மேஜைமேல் கண்ட மூன்று ஜாதி அவ்வளவு சுலபமாக வெட்டித் தனித்தனியாக வைக்கக்கூடிய சமாசாரம் அல்ல. எங்கே ஜாதி முடிந்து எங்கே ஜாதி ஆரம்பிக்கிறது என்று வளையத்தில் கோடு போட முடியாது. இரண்டு நுனியும் சந்திக்கிற இடத்தில் கோடு தானாகவே இருக்கிறது. அவருடைய சிஃப்சாஃப்பே பிறகு உடைந்துவிட்டது. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் உள்ளது பார்வைக்கு அநேகமாக அதே குருவி, பாட்டு வேறு. அதை இப்போது தனி ஜாதியாக வைத்திருக்கிறார்கள். பிரனீஸ் மலையின் மேற்குக் கோடியில் ஒரு குறுகிய பட்டையில் இரண்டும் கலக்கின்றன; அங்கே இரண்டு பாட்டையும் கலந்து பாடுகிற ஆண்களும் உண்டு. ஒயிட் பிரனீஸுக்குப் போயிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. மேஜைமேல் கிடந்த மூன்று உடல்களும் உயிரோடு இருந்தவை என்பதும் அப்போது நினைவுக்கு வரும். அந்நாளில் பறவையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதைக் கொல்வதுதான் வழக்கம். ஒயிட் அந்த வழக்கத்துக்கு விலக்கல்ல. ஆயினும் அந்தப் பிணங்களைப் பற்றி எழுதுகிற அதே பத்தியில், பீச் மர உச்சியில் சிறகை நடுக்கிக்கொண்டு பாடுகிற உயிருள்ள குருவியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கால் நிறத்தோடு நின்றிருந்தால் அது ஜாபிதா. சிறகு நடுங்கியதனால் அது இலக்கியம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் ஒன்பது கடிதங்கள் தபாலில் போனவை அல்ல. புஸ்தகத்துக்கு முன்னுரைபோல இருக்கட்டும் என்று பின்னால் எழுதிச் சேர்த்தவை. ஊரின் மண், கிணறு, காடு என்று கொஞ்சம் மெதுவாகப் போகும். அவற்றைத் தாண்டி பென்னன்டுக்கு எழுதிய பதினாறாவது கடிதத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வில்லோ-ரென்னும் வெட்டுக்கிளிக் குருவியும் அதில்தான் வருகின்றன. பத்தொன்பதாவதில் மேஜை. ஆந்தைகளுக்குப் பாரிங்டன் பகுதிக்குப் போக வேண்டும். போகிற வழியில் ஆமை எதிர்ப்படும், அதனோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். நூலின் கடைசியில் ஸெல்போர்ன் மடத்தின் பழஞ் சரித்திரம் என்று ஒரு பெரிய பகுதி ஒட்டியிருக்கிறது. பல பதிப்புகளில் அதை எடுத்தேவிட்டார்கள். உங்கள் பிரதியில் இருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.